விளியும் சமவுரிமையும்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைத் தமிழில் பெயர்ப்பதில் எழும் சிக்கல்கள்

1. முன்னுரை

தமிழ் இலக்கண மரபில் விளி தொடக்கத்திலேயே தனி ஆய்வுப் பொருளாக இடம்பெற்றுள்ளது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் விளிமரபு என்று ஓர் இயலையே வகுத்திருக்கிறது. ஒருவரைப் பன்மையாற் கூறுவது உலக வழக்கில் உயர்த்திச் சொல்லும் சொல்லாக அமையுமேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று எனக் கிளவியாக்கம் வேறுபடுத்திக் காட்டுகிறது. தொல்காப்பியர் காலத்தில் வழக்கு நிலையில் இருந்த இவ்வுயர்சொல் இன்று தமிழ் வினைமுற்றின் அமைப்பிலேயே கலந்துவிட்டது. ஒருவரைப் பற்றி ஒரு தொடர் எழுதவேண்டுமாயினும் 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஆங்கிலத்தில் அவ்வாறன்று. முன்னிலைக்கு ஒரே பெயர். படர்க்கை வினைக்கு மரியாதை வேறுபாடு இல்லை. ஆங்கிலம் பேசுவோர் மதிப்பையும் மதிப்பின்மையையும் பெரும்பாலும் விளிச்சொற்களாலேயே உணர்த்துகின்றனர்.

இவ்வேறுபாடு எல்லா மொழிபெயர்ப்பிலும் தலைகாட்டுவதே. எனினும், 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் சமவுரிமைக்காக நடத்திய போராட்டம் தொடர்பான உரைகள், வழக்குப் பதிவுகள், தன்வரலாறுகள் ஆகியவற்றைத் தமிழாக்கும்போது இது வெறும் நடைச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. அப்போராட்டத்தில் விளியே ஒரு கோரிக்கையாக இருந்தது. ஒருவரை எவ்வாறு அழைப்பது என்னும் கேள்வி நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆகவே தமிழில் 'அவன்' என்றோ 'அவர்' என்றோ எழுதும் மொழிபெயர்ப்பாளர், தாம் அறியாமலேயே அவ்வழக்கில் ஒரு பக்கம் சார்ந்துவிட நேரலாம். இச்சிக்கலின் வரலாற்றுப் பின்னணியையும் தமிழில் அதனைக் கையாளும் வழிகளையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. இயக்கத்தின் பெயர்

விளியைப் பற்றிப் பேசுமுன் இயக்கத்தின் பெயரையே நோக்குதல் வேண்டும். 'சிவில் ரைட்ஸ்' என்னும் ஆங்கிலத் தொடர் தமிழில் 'குடியுரிமை', 'குடிமை உரிமை', 'குடிசார் உரிமை', 'சமூக உரிமை' எனப் பலவாறு பெயர்க்கப்படுகிறது. இவற்றுள் 'குடியுரிமை' என்பதே எளிமையும் பழக்கமும் உடையது. ஆயின் அதுவே ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் நிலையையும் குறிக்கிறது. இந்தியச் சட்டங்களிலேயே இம்மயக்கத்தைக் காணலாம். 1955இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் யார் இந்தியக் குடிமகன் என்பதை வரையறுப்பது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976இல் பெயர் மாற்றம் பெற்றபோது, தமிழக வழக்கில் 'குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்' எனப்பட்டது. ஒன்று நாட்டுக்கும் தனியாளுக்கும் உள்ள சட்ட உறவைப் பற்றியது. மற்றொன்று தீண்டாமையைத் தண்டிப்பது. இரண்டிற்கும் ஒரே சொல் நிற்கிறது.

அமெரிக்க வரலாற்றில் இம்மயக்கம் பொருளையே மாற்றிவிடும். கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆகார் என 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1868இல் நடைமுறைக்கு வந்த 14ஆம் அரசியலமைப்புத் திருத்தம் அந்நிலையை மாற்றி, அமெரிக்காவில் பிறந்த அனைவரையும் குடிமக்களாக்கியது. 1950களிலும் 60களிலும் போராடியவர்கள் குடிமக்களாக ஏற்கப்பட வேண்டும் என்று கோரவில்லை. அந்நிலை சட்டப்படி ஏறத்தாழ 90 ஆண்டுகளாக அவர்களுக்கு இருந்தது. குடிமக்களுக்கு உரியவை அனைத்தும், அதாவது வாக்கு, கல்வி, பொது இடங்களில் நுழைவு, நீதிமன்றத்தில் சமநிலை ஆகியவை, தங்களுக்கும் நடைமுறையில் கிடைக்கவேண்டும் என்றே கோரினர். 1964ஆம் ஆண்டுச் சட்டமும் 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டமும் இக்கோரிக்கைக்குக் கிடைத்த விடைகள். 'குடியுரிமை இயக்கம்' என்று எழுதினால், குடிமக்கள் அல்லாதார் குடிமக்களாக முயன்ற இயக்கம் எனப் படிப்பவர் கொள்ளக்கூடும். 'குடிமை உரிமை இயக்கம்' என்பது இம்மயக்கத்தைத் தவிர்க்கும். இக்கட்டுரையில் அத்தொடரே ஆளப்படுகிறது.

3. விளியின் ஒழுங்கு

அமெரிக்க ஆங்கிலத்தின் விளி முறையை ரோஜர் பிரவுன், மார்கரீட் ஃபோர்டு ஆகியோர் 1961இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக வகுத்துக் காட்டியது. முதற்பெயரால் அழைத்தல், பட்டத்தோடு குடும்பப்பெயர் சேர்த்து அழைத்தல் ஆகிய இரண்டும் அதன் அடிப்படை. இருவரும் ஒருவரையொருவர் முதற்பெயரால் அழைப்பது நெருக்கத்தைக் காட்டும். இருவரும் பட்டப்பெயரால் அழைப்பது புதிய அறிமுகத்தைக் காட்டும். ஒருவர் முதற்பெயராலும் மற்றவர் பட்டப்பெயராலும் அழைப்பது ஏற்றத்தாழ்வைக் காட்டும்; இவ்வேற்றத்தாழ்வு வயதாலோ பணிநிலையாலோ அமையும். இதற்கு ஓராண்டு முன்னர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை ஆராய்ந்து, அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரு கூறுகளால் விளக்கியிருந்தனர். தமிழின் 'நீ', 'நீங்கள்' என்பவற்றை ஆராய்வோர்க்கு இக்கருத்துப் பழக்கமானதே.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் இவ்வொழுங்கோடு மூன்றாவது கூறு ஒன்று சேர்ந்திருந்தது. வயதையும் பணிநிலையையும் இனம் வென்றது. வெள்ளையர் கறுப்பினத்தவரை எவ்வயதினராயினும் முதற்பெயரால் அழைத்தனர். கறுப்பினத்தவரோ வெள்ளை இளைஞரையும் 'மிஸ்டர்', 'மிஸ்' எனப் பட்டத்தோடு அழைக்கவேண்டியிருந்தது. பெர்ட்ராம் டாயில் 1937இலும் குன்னார் மிர்டால் 1944இலும் வெளியிட்ட நூல்கள் இவ்வழக்கத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளன. கறுப்பின முதியோரை 'அங்கிள்' எனவும் 'ஆன்ட்டி' எனவும் அழைப்பது இதன் ஒரு கூறு. 'மிஸ்டர்', 'மிசஸ்' என்னும் பட்டங்களைத் தராமலிருப்பதற்காகவே உறவுப்பெயர் பயன்பட்டது. 1889 முதல் விற்கப்பட்ட 'ஆன்ட் ஜெமைமா' என்னும் உணவுப் பொருளின் பெயர் இவ்வழக்கத்தின் எச்சமே. அப்பெயர் 2021இல் கைவிடப்பட்டது.

புல்மன் இரயில் பெட்டிகளில் பணியாற்றிய கறுப்பினப் பணியாளர்களின் நிலை இன்னும் கடுமையானது. நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜார்ஜ் புல்மனின் பெயரால் பயணிகள் அவர்கள் அனைவரையும் 'ஜார்ஜ்' என்றே அழைத்தனர். அடிமையை உடைமையாளரின் பெயரால் அழைத்த பழைய முறை இதில் தொடர்ந்தது. ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925இல் தோன்றிய அப்பணியாளர் சங்கம் 1937இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கண்டது. அச்சங்கத்தில் பயின்ற இ. டி. நிக்சன், 1955இல் மான்ட்கோமரி நகரில் பேருந்துப் புறக்கணிப்பை ஒழுங்கு செய்தவருள் ஒருவர்.

அப்புறக்கணிப்பின் தொடக்கக் கோரிக்கைகள் மூன்று. முன்வருவோர் முன் அமர்தல், கறுப்பினத்தவர் மிகுதியாகச் செல்லும் தடங்களில் கறுப்பின ஓட்டுநரை அமர்த்துதல் ஆகிய இரண்டோடு, ஓட்டுநர்கள் பயணிகளை மரியாதையாக நடத்தவேண்டும் என்பதும் கேட்கப்பட்டது. பட்டியலில் முதலில் வைக்கப்பட்டது இம்மரியாதைக் கோரிக்கையே. இருக்கைக்கான போராட்டமாக மட்டும் நினைவுகூரப்படும் ஒரு நிகழ்வில், பேச்சு முறை முதற்கோரிக்கையாக நின்றது குறிப்பிடத்தக்கது. 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்திலும், பெயரும் பட்டமும் மறுக்கப்படும் இவ்விழிவு இனியும் காத்திருக்க இயலாமைக்குரிய காரணங்களுள் ஒன்றாக எடுத்துரைக்கப்படுகிறது.

4. மேரி ஹாமில்டன் வழக்கு

1963ஆம் ஆண்டு ஜூன் மாதம் அலபாமா மாநிலத்தின் கேட்ஸ்டன் நகரில், எட்டோவா வட்டார நீதிமன்றத்தில் ஒரு விசாரணை நடந்தது. போராட்டங்களில் கைதானவர்களின் காவல் சட்டத்துக்கு உட்பட்டதா என்பது விசாரணைப் பொருள். இனச் சமத்துவப் பேரவையின் களச் செயலாளரான மேரி ஹாமில்டன் சாட்சிக் கூண்டில் நின்றார். பெயர் கேட்கப்பட்டபோது 'மிஸ் மேரி ஹாமில்டன்' என்று விடையளித்தார். அடுத்த வினாவை அரசு வழக்கறிஞர் 'மேரி' என்று விளித்துத் தொடங்கினார். தம் பெயர் மிஸ் ஹாமில்டன் என்றும், முறையாக அழைக்கவேண்டும் என்றும் அவர் கூறினார். வழக்கறிஞர் மீண்டும் 'மேரி' என்றே விளித்தார். முறையாக அழைக்கப்படும்வரை விடை கூறப்போவதில்லை என அவர் மறுத்தார். விடை கூறுமாறு நீதிபதி ஆணையிட்டபோதும் அவர் இணங்கவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என முடிவு செய்து 5 நாள் சிறையும் 50 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன.

அலபாமா உச்ச நீதிமன்றம் இத்தண்டனையை உறுதி செய்தது. சாட்சியின் பெயர் மேரி ஹாமில்டன் என்பதே ஆவணத்தில் உள்ளது, 'மிஸ் மேரி ஹாமில்டன்' என்பதன்று என்பது அம்மன்றம் காட்டிய காரணங்களுள் ஒன்று. மொழியியல் நோக்கில் இக்காரணம் கருதத்தக்கது. 'மேரி' என்னும் சொல்லில் அகராதிப் பொருளாக இழிவு எதுவும் இல்லை. அது அவருடைய பெயரே. அதே மன்றத்தில் வெள்ளைச் சாட்சிக்கு வழங்கப்படும் பட்டம் இவருக்கு இல்லாமற்போவதில்தான் இழிவு இருந்தது. சொல்லப்பட்ட சொல்லைவிடச் சொல்லாமல் விடப்பட்ட சொல்லே அதனை உணர்த்தியது. ஆதலால், 'பெயரைத்தானே சொன்னேன்' என்று மறுத்துவிட விளித்தவருக்கு எப்போதும் வழி இருந்தது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964 மார்ச் 30 அன்று, விரிவான வாதங்களைக் கேளாமலேயே, அத்தண்டனையை நீக்கியது. நீதிபதிகள் மூவர் இம்முடிவில் சேரவில்லை. தீர்ப்பு மிகச் சுருக்கமானது. விளியைப் பற்றிய கொள்கை விளக்கம் எதுவும் அதில் இல்லை. எனினும் நீதிமன்றத்தில் கறுப்பினச் சாட்சிக்கும் பிறருக்கு உரிய பட்டம் உரியது என்பது அதன் பயனாக நிலைபெற்றது. உணவகங்களிலும் திரையரங்குகளிலும் இன ஒதுக்கலைத் தடைசெய்த சட்டம் கையெழுத்தானது அதே ஆண்டு ஜூலை 2ஆம் நாளில்தான்.

5. 'பாய்' என்னும் சொல்

முதற்பெயரினும் கடுமையான விளி 'பாய்' என்பது. பையன் என்னும் பொருளுடைய இச்சொல்லால் எழுபது வயதுக் கறுப்பினத்தவரும் அழைக்கப்பட்டார். சமூக மொழியியலில் நன்கறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு இதனைச் சார்ந்தது. மனநல மருத்துவர் ஆல்வின் பூசான்ட், மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் ஒரு காவலரால் நிறுத்தப்பட்ட நிகழ்ச்சியை 1967இல் எழுதினார். காவலர் 'பாய்' என விளித்துப் பெயர் கேட்டார். மருத்துவர் பட்டத்தோடு குடும்பப்பெயரைக் கூறி, தம் தொழிலையும் சொன்னார். காவலர் மீண்டும் அதே விளியோடு முதற்பெயரைக் கேட்டார். சூசன் எர்வின்-டிரிப் 1972இல் வெளியிட்ட விளி பற்றிய ஆய்வில் இவ்வுரையாடலை விதிமுறையாகப் பகுத்துக் காட்டினார். கேட்டவர்க்கும் விடையளித்தவர்க்கும் ஒரே விளி ஒழுங்கு தெரிந்திருந்தது. அதனாலேயே அவமதிப்பு ஐயத்திற்கு இடமின்றிச் சென்று சேர்ந்தது என்பது அவ்வாய்வின் முடிபு. முதல் விடை தவறான விடையாகக் கருதப்பட்டு, பட்டமும் தொழிலும் இல்லாதனவாக ஆக்கப்பட்டன.

1968இல் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. பிப்ரவரி 1 அன்று குப்பை வண்டியின் அழுத்துபொறியில் சிக்கித் தொழிலாளர் இருவர் இறந்ததைத் தொடர்ந்து, 12ஆம் நாள் ஏறத்தாழ 1,300 தொழிலாளர் பணியை நிறுத்தினர். அவர்கள் ஏந்திய அட்டைகளில் 'நான் மனிதன்' எனப் பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்கள் இருந்தன. அவற்றுள் 'ஆம்' என ஒலிக்கும் தன்மை ஒருமை இருப்பு வினை அடிக்கோடிடப்பட்டிருந்தது. இறுதிச் சொல்லான 'மேன்' மனிதன் என்னும் பொருளோடு, வயது வந்த ஆண் என்னும் பொருளையும் தருவது. 'பாய்' என்னும் விளிக்கு நேர் எதிரான சொல் அதுவே. எனவே அவ்வட்டை ஊதியக் கோரிக்கை, மனிதத் தகுதி, விளி மறுப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்கியது. இவ்வேலைநிறுத்தத்தை ஆதரிக்க வந்த கிங் ஏப்ரல் 4 அன்று அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16இல் நகராட்சி சங்கத்தை ஏற்றது.

'பாய்' பற்றிய வழக்கு 21ஆம் நூற்றாண்டிலும் எழுந்தது. மேரி ஹாமில்டன் தண்டிக்கப்பட்ட அதே கேட்ஸ்டன் நகரில், கோழி இறைச்சி ஆலை ஒன்றில் பணியாற்றிய கறுப்பினத்தவர் இருவர், பதவி உயர்வு மறுக்கப்பட்டது இனக் காரணத்தால் என வழக்குத் தொடுத்தனர். மேலாளர் தங்களை 'பாய்' என அழைத்தது அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று. 'கறுப்பு', 'வெள்ளை' என்பன போன்ற அடைமொழியோடு வந்தால் மட்டுமே அச்சொல் இன நோக்கைக் காட்டும். தனித்து வரும்போது காட்டாது என மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 'ஆஷ் எதிர் டைசன் ஃபுட்ஸ்' எனப்படும் இவ்வழக்கில் 2006 பிப்ரவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் அக்கருத்தை மறுத்தது. அடைமொழியின்றி வரும் சொல் எப்போதும் குற்றமற்றதாகிவிடாது. பேசும் சூழல், குரலின் ஏற்றஇறக்கம், தொனி, வட்டார வழக்கம், வரலாற்றுப் பயன்பாடு ஆகியவற்றால் பொருள் முடிவாகும் என்பது தீர்ப்பின் சாரம். பயன்வழியியல் வகுப்பில் கற்பிக்கப்படும் கொள்கையை ஒரு நீதிமன்றம் சட்ட விதியாகக் கூறியது எனலாம். நீண்ட மறுவிசாரணைகளுக்குப் பின், 2011 டிசம்பரில் அவ்விருவருள் ஒருவர்க்குச் சார்பான தீர்ப்பு மேல்முறையீட்டில் நிலைநிறுத்தப்பட்டது.

6. இனப்பெயர்

தனியாளை விளிக்கும் முறை போன்றே மக்கள் தொகுதியைக் குறிக்கும் பெயரும் போராட்டப் பொருளாயிற்று. 1909இல் தோன்றிய தேசிய முன்னேற்றச் சங்கம் 'கலர்டு', அதாவது 'நிறமுடைய' மக்கள், என்னும் தொடரைத் தன் பெயரில் ஏற்றது. இன்றும் அதனை மாற்றவில்லை. அதன் பின்னர் 'நீக்ரோ' என்பது மதிப்புடைய பெயராகப் பரவியது. அதன் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக அச்சிடவேண்டும் என நெடுங்காலம் கோரப்பட்டது. பிற இனப்பெயர்கள் பெற்ற சிறப்பை இப்பெயர் மட்டும் பெறவில்லை என்பது கோரிக்கையின் அடிப்படை. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1930 மார்ச்சில் இதனை ஏற்றது. பெயரை மாற்றுவதால் நிலை மாறிவிடாது என டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1928இல் வாதிட்டதும் இங்கு நினைக்கத்தக்கது. அவரே பெரிய எழுத்துக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தவருமாவார்.

1966 ஜூனில் மிசிசிப்பியின் கிரீன்வுட் நகரில் ஸ்டோக்லி கார்மைக்கேல் எழுப்பிய 'பிளாக் பவர்' முழக்கத்திற்குப் பின் 'நீக்ரோ' விரைந்து மதிப்பிழந்தது. அதுகாறும் இழிவாகக் கருதப்பட்ட 'பிளாக்' அதன் இடத்தைப் பெற்றது. 1988 இறுதியில் ஜெசி ஜாக்சன் 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்னும் பெயரை முன்மொழிந்தார். 2016இல் இயற்றப்பட்ட சட்டம் கூட்டாட்சிச் சட்டங்களில் எஞ்சியிருந்த 'நீக்ரோ' என்னும் சொல்லை நீக்கியது. 2020 ஜூனில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 'பிளாக்' என்பதைப் பெரிய எழுத்தால் எழுத முடிவு செய்தது. 1930இல் ஒரு சொல்லுக்குக் கிடைத்தது 90 ஆண்டுகளுக்குப் பின் மற்றொன்றுக்கும் கிடைத்தது.

தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை. எனவே இவ்வரலாற்றுக் கூறு தமிழில் வடிவத்தால் வெளிப்படாது. குறிப்பால் மட்டுமே உணர்த்தப்படும். சொல் தேர்வில் மற்றொரு இடரும் உண்டு. இன்று 'நீக்ரோ' தகாத சொல் என்பதால், 1963ஆம் ஆண்டு உரையை மொழிபெயர்ப்பவர் அதனைக் 'கறுப்பினத்தவர்' என மாற்றத் துணியலாம். அவ்வாறு மாற்றினால், அப்போது மதிப்போடு தம்மைத் தாமே அழைத்துக்கொண்டவர் சொல்லும், மூன்றாண்டுகள் கழித்து அதனை மறுத்தவர் சொல்லும் ஒன்றாகிவிடும். போராட்டத்திற்குள் நிகழ்ந்த மாற்றம் மறைந்துபோகும். மொழிபெயர்ப்பாளரின் சொந்தக் கூற்றில் 'கறுப்பினத்தவர்' எனவும், மேற்கோளில் மூலத்தின் காலத்துச் சொல்லையே கொண்டும் எழுதுதல் முறை.

7. தமிழில் பெயர்க்கும் வழிகள்

மேற்கூறியவற்றால் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் ஐந்து எனலாம்.

(அ) முதற்பெயர் விளி. தமிழர்க்கு மேனாட்டு முறையிலான குடும்பப்பெயர் பொதுவாக இல்லை. பெரியோரையும் இயற்பெயரோடு 'அவர்கள்' சேர்த்து அழைப்பது மரபு. ஆதலின் 'மேரி' என்று மட்டும் பெயர்த்தால் தமிழ் வாசகர் அதில் குறை காணமாட்டார். ஒரு பெண் ஏன் சிறை சென்றார் என்பதே விளங்காது. 'மேரி, உன்னைக் கைது செய்தது யார்?' என ஒருமையால் எழுதினால் இழிவு உடனே விளங்கும். ஆனால் ஆங்கிலத்தில் மறைந்திருந்தது தமிழில் வெளிப்படையாகிவிடும். 'பெயரைத்தானே சொன்னேன்' என்று வழக்கறிஞர் தப்பிக்கும் வழி அடைபடும். அலபாமா நீதிமன்றத்தின் வாதமும் பொருளற்றுப்போகும். இங்குத் தமிழ்ப் பேச்சு வழக்கே ஒரு வழி காட்டுகிறது. எதிரில் நிற்பவரை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா எனத் துணிய இயலாதபோது 'எப்போது வந்தது?' என முன்னிலைப் பெயரைத் தவிர்த்துக் கேட்பது தமிழர் வழக்கம். அவ்வாறே 'கைது செய்தது யார், மேரி?' எனப் பெயர்க்கலாம். மரியாதை இன்மை உணரப்படும், மறுப்பதற்கும் இடமிருக்கும். மேரியின் விடையில் 'முறையாக அழையுங்கள்' எனப் பன்மை அமைதல் வேண்டும். தமக்கு மறுக்கப்படும் மரியாதையை அவர் பிறர்க்கு மறுக்கவில்லை.

(ஆ) பட்டப்பெயர். 'மிஸ்' என்பதைச் 'செல்வி' எனப் பெயர்ப்பது அகராதி முறையில் சரியே. எனினும் அச்சொல் மணமாகாமையை முன்னிறுத்துவதால், வழக்கின் மையம் திருமண நிலை என வாசகர் கருத இடமுண்டு. 'மிஸ் ஹாமில்டன்' என ஒலிபெயர்த்து, முதலிடத்தில் சிறு விளக்கம் தருவதே தக்கது.

(இ) உறவுப்பெயர் விளி. 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்பவற்றை 'மாமா', 'பெரியவர்', 'அம்மா' எனப் பெயர்த்தால் இழிவு அன்பாக மாறிவிடும். தமிழில் உறவுப்பெயர் மதிப்பைத் தருவது; தென் மாநிலங்களில் மதிப்பைத் தராமலிருக்கப் பயன்பட்டது. இங்கு உறவுப்பெயரை ஒருமை வினையோடு இணைத்தல் பயன் தரும். 'என்ன கிழவா, எங்கே போகிறாய்?' என்பது போன்ற அமைப்பு மூலத்தின் உறவை விட்டாலும் மதிப்பின்மையைக் காக்கும்.

(ஈ) 'பாய்' என்னும் விளி. இதனை ஒலிபெயர்த்தல் கூடாது. தமிழகத்தில் 'பாய்' என்பது இசுலாமியரை அன்போடு அழைக்கும் சொல்லாக வழங்குகிறது. 'பையா' என்றால் கனிவு தோன்றும். 'டேய்', 'பயலே' ஆகியவை தக்க இணைகள். வயது முதிர்ந்தவரைச் சாதி காரணமாக இளைஞரும் ஒருமையில் விளித்த வழக்கம் தமிழ்ச் சமூகத்திலும் உண்டு. அதனை அறிந்த வாசகருக்கு 'டேய்' என்பதன் கனம் விளங்கும். ஆனால் இவ்வொற்றுமை மூலத்தின் சூழலைத் தமிழ்நாட்டுச் சூழலாக மாற்றிவிடாதவாறு இடப்பெயர், ஆட்பெயர்களைக் காத்தல் வேண்டும். மெம்ஃபிஸ் அட்டையைப் பெயர்ப்பது இதனினும் அரிது. தமிழில் பெயர்ப்பயனிலைத் தொடருக்கு இருப்பு வினை வேண்டுவதில்லை; எனவே அடிக்கோடிடப்பட்ட சொல்லுக்கு இணையே இல்லை. 'நானும் மனிதன்' என்றால் இரங்கிக் கேட்கும் தொனி வரும். 'நான் மனிதன்தான்' என்றால் ஐயத்திற்கு விடை கூறுவதுபோல் அமையும். 'நான் ஆண்மகன்' என்பது வீரப் பேச்சாகும். 'நான் மனிதன்' என்னும் இரு சொற்களே மூலத்தின் நிமிர்வுக்கு அண்மையில் உள்ளன. 'பையன்' என்னும் விளிக்கு அது மறுப்பு என்பதை அடிக்குறிப்பில் கூறலாம்.

(உ) படர்க்கை வினைமுற்று. இதுவே கண்ணுக்குப் புலப்படாத சிக்கல். மூலத்தில் விளி எதுவும் இல்லாத கதைக்கூற்றிலும் தமிழ் வினை மரியாதையைக் குறித்துவிடுகிறது. நீதிபதி 'கூறினார்', ஆளுநர் 'மறுத்தார்' எனவும், துப்புரவுத் தொழிலாளி 'நடந்தான்', வீட்டு வேலை செய்யும் பெண் 'சொன்னாள்' எனவும் எழுதுவது தமிழ் உரைநடையில் பழகிப்போன வழக்கு. தென் மாநில நிகழ்ச்சிகளில் முன்னவர் பெரும்பாலும் வெள்ளையராகவும் பின்னவர் கறுப்பினத்தவராகவும் இருப்பர். ஆங்கில மூலத்தில் இல்லாத இனத் தரவரிசை ஒன்று தமிழில் வினைமுற்றுதோறும் பதிந்துவிடும். ரோசா பார்க்ஸ் எழ மறுத்ததை 'மறுத்தாள்' என்றும், பேருந்து ஓட்டுநர் காவலரை அழைத்ததை 'அழைத்தார்' என்றும் எழுதும் பக்கம், அப்பெண் எதிர்த்து நின்ற ஒழுங்கையே தன் இலக்கணத்தில் மீண்டும் நிலைநாட்டுகிறது. ஆகவே வரலாற்று நூல்களில் எல்லார்க்கும் 'அவர்' என்பதைப் பொது விதியாகக் கொள்ளுதல் நலம். புதினங்களில் கதைசொல்லி எவரது நோக்கில் பேசுகிறார் என்பதை ஆய்ந்து முடிவு செய்யலாம். ஆனால் ஒரே கதைசொல்லியின் கூற்றில் இனத்தால் மட்டும் வேறுபாடு தோன்றலாகாது.

8. முடிவுரை

குடிமை உரிமைப் போராட்டத்தில் வாக்கு, பள்ளி, பேருந்து இருக்கை ஆகியவற்றோடு விளியும் உரிமையாகக் கோரப்பட்டது. அதற்காகச் சிறை சென்றோர் உண்டு. நீதிமன்றங்கள் அதனை ஆராய்ந்து தீர்ப்பளித்துள்ளன. ஆங்கிலம் இவ்வேற்றத்தாழ்வைச் சில விளிச்சொற்களில் மட்டும் வெளியிட்டது. தமிழோ ஒவ்வொரு வினைமுற்றிலும் வெளியிடும் இயல்புடையது. இவ்வியல்பு மொழிபெயர்ப்பாளர்க்கு இடரும் துணையும் ஆகும். கருதாது எழுதினால் மூலத்தில் இல்லாத தாழ்வை ஏற்றிவிடும். கருதி எழுதினால் ஆங்கிலத்தில் நீண்ட விளக்கம் வேண்டும் ஓர் அவமதிப்பை ஓர் ஈற்றெழுத்தால் உணர்த்திவிடும். இத்துறை நூல்களைத் தமிழாக்குவோர் பணியைத் தொடங்கும் முன்பே, ஒவ்வொரு மாந்தரும் ஒவ்வொருவரை எவ்வாறு விளிப்பர் என்பதற்கும், கதைக்கூற்றில் எவ்வினைமுற்று வரும் என்பதற்கும் ஓர் அட்டவணை வகுத்துக்கொண்டு, நூல் முழுவதும் அதனைக் கடைப்பிடித்தல் இன்றியமையாதது.